ரயில் போன தடத்தில் நிதி ஓட்டம்: கோலாலம்பூர்க் குழுக்களுக்குச் சிங்கப்பூர் ரயில் காரிடார் எப்படி?

தமிழ்ப்பள்ளிக்கோ, முதியோர் இல்லத்துக்கோ, டயாலிசிஸ் மையத்துக்கோ பணம் திரட்ட சைக்கிள் ஓட்டம் நடத்தும் குழுக்களுக்குக் கோலாலம்பூரில் எப்போதும் ஒரே தலைவலிதான். நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? கூட வருவோரில் பாதிப் பேர் வாரந்தோறும் ஓட்டுகிறவர்கள் இல்லை. நன்கொடை தரும் மாமா வருவார், அவர் மகள் வருவாள், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்து நாலு பேர் வருவார்கள். கெந்திங் ஏற்றம் இவர்களுக்கு ஆகாது. கூட்டரசு நெடுஞ்சாலைப் பக்கம் இவர்களை இறக்கவே கூடாது. இப்படிப்பட்ட கலவையான கூட்டத்துக்கு என்றே அமைந்ததுபோல் இருக்கிறது சிங்கப்பூரின் ரயில் காரிடார். எல்லை தாண்டிப் போகும் அலைச்சலுக்கு அது தகுமா என்றால், தகும். ஆனால் மூன்று விஷயங்களைச் சரியாகச் செய்தால்தான்: டயர், குழுப் பிரிப்பு, மழை.

முதலில் பாதையைப் பற்றி. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு மலாயா ரயில் ஓடிய தடம் இது. தெற்கே தஞ்சோங் பகார் நிலையம் 1932-ல் திறக்கப்பட்டது. கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பிப் போனது. மறுநாளே நிலம் சிங்கப்பூர் வசமானது, அதன்பின் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். நம்முடைய ரயில்வேயின் நிலமாக, சிங்கப்பூருக்குள் நீண்டு கிடந்த துண்டு அது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலும் செந்தூல் பட்டறையிலும் வேலை பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதில் சைக்கிள் மிதிப்பதற்குத் தனிப் பொருள் உண்டு.

இப்போது தொடர்ச்சியாக ஓட்டக்கூடிய பகுதி, வடக்கே கிராஞ்சியிலிருந்து தெற்கே ஸ்பூனர் சாலை வரை, சுமார் 21 கிலோமீட்டர். தஞ்சோங் பகார் நிலையக் கட்டடத்தின் வாசலில் போய் ஓட்டத்தை முடித்துப் படம் எடுக்கலாம் என்று சுவரொட்டியில் போட்டுவிடாதீர்கள். தொடர்பாதை அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

ரயில் தடத்தின் பெரிய வரம் அதன் சமதளம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடித்து ஏற முடியாது, வழுக்கும். அதனால் ரயில் போட்டவர்கள் மேட்டைக் குடைந்தார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம் ஏறினாலே ரயிலுக்கு அது கடினமான ஏற்றம். ஆகவே ஒரே ஒரு கியர் உள்ள பழைய சைக்கிளில் வருகிறவரும் மூச்சிரைக்காமல் வருவார். இதன் மறுபக்கத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இறக்கமே இல்லாத பாதையில் கால் ஓய்வதில்லை, உடம்பு சீட்டைவிட்டு எழுவதில்லை. ஒரு மணி நேரத்தில் புதியவர்களுக்கு வலி வருவது தொடையில் அல்ல, உட்காரும் இடத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெடலில் எழுந்து நின்று பத்துச் சுற்று மிதிக்கச் சொல்லுங்கள். சீட் உயரத்தையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கடன் வாங்கிய சைக்கிளில் சீட் எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும். முட்டி வலி என்று பாதியில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து, இரண்டு அங்குலம் சீட்டை உயர்த்துவதுதான்.

தரை தார்ச்சாலை இல்லை. சரளையும் மண்ணும் புல்லும் கலந்த தரை, இடையிடையே கெட்டிப்பட்ட பகுதிகள். காய்ந்திருந்தால் அருமை. நல்ல மழைக்குப் பிறகு இதே பாதை வேறொன்றாகிவிடுகிறது. மேட்டைக் குடைந்து தடம் போட்ட இடங்களில் இரு பக்கச் சரிவுத் தண்ணீரும் நடுவில்தான் வந்து சேரும். மண்ணை நிரப்பி உயர்த்திய கரைகளில் தண்ணீர் இருபுறமும் வடிந்து ஓடிவிடும். ஆகவே மழைக்கு மறுநாள் ஓட்டினால், கரைப் பகுதி காய்ந்து கிடக்கும்போதே குடைவுப் பகுதி சொதசொதவென்று இருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாற்பது பேர் ஓட்டம் வைக்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். பதினோரு மணிக்குள் ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் சூரியன் எழுவது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஏழேகாலுக்குக் கிளம்பினால் கணக்குச் சரியாக வரும்.

டயர்தான் இந்த ஓட்டத்தின் பாதி வெற்றி. பந்தய சைக்கிளின் 25 மில்லிமீட்டர் டயரோடு வருகிறவர்களைப் பதிவின்போதே தடுத்துவிடுங்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அல்ல; ஈரச் சரளையில் முன்சக்கரம் நழுவினால் பின்னால் வரும் மூன்று பேரும் விழுவார்கள். 38 முதல் 45 மில்லிமீட்டர் வரையிலான டயர் இந்தத் தரைக்குச் சரியானது. மலை சைக்கிளின் 2 அங்குல டயரும் நன்றாக ஓடும், கொஞ்சம் மெதுவாக. காற்றழுத்தத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கோலாலம்பூரில் தார்ச்சாலைக்கு அடித்த 60, 70 பிஎஸ்ஐ காற்றோடு அப்படியே வந்து, பாதை அதிருகிறது என்று முனகுவார்கள். 75 கிலோ எடையுள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ போதும். 2 அங்குல டயரில் 25 முதல் 30. அதற்குக் கீழே இறக்கினால் வேறு தொல்லை: மண்தரை முடிந்து கான்கிரீட் விளிம்பில் ஏறும் இடத்தில் டியூப் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கிப் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். விளிம்பு வந்தால் வேகத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து லேசாக எழுந்து ஏறச் சொல்லுங்கள்.

மடிப்பு சைக்கிளுக்கு இந்தப் பாதை ஒத்துவருமா என்று கேட்பவர்கள் நிறைய. 20 அங்குலச் சக்கரம் காய்ந்த தரையில் தாக்குப்பிடிக்கும். 16 அங்குலச் சக்கரம் சிறு குழியிலும் குதிக்கும். மடிப்பு சைக்கிளுக்கு ஒரு நன்மை உண்டு: மடித்தபின் 120, 70, 40 சென்டிமீட்டர் அளவுக்குள் இருந்தால் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாம். பாதியில் களைத்தவர் கிங் ஆல்பர்ட் பார்க்கிலோ ஹில்வியூவிலோ ரயில் ஏறிவிடலாம். மடியாத சைக்கிளுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே உடல்நிலையில் சந்தேகம் உள்ளவர்களை மடிப்பு சைக்கிளில் வரச் சொல்வது நல்ல யோசனை.

அடுத்து எந்தத் திசையில் ஓட்டுவது. வடக்கே கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் நிழல் குறைவு. ஹில்வியூ தாண்டி புக்கிட் தீமா பகுதிக்குள் நுழைந்தால் இரு பக்கமும் மரங்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். எனவே காலை வெயில் ஏறுமுன் வடக்கை முடித்துவிட்டு, வெயில் ஏறும்போது மரநிழலுக்குள் வருவதுதான் முறை. கிராஞ்சியில் தொடங்குவதில் இன்னொரு வசதி, அது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு அருகில் இருக்கிறது. முழு 21 கிலோமீட்டரும் ஓட்டினால் ஆட்களையும் சைக்கிள்களையும் தெற்கிலிருந்து திரும்ப வடக்கே ஏற்றி வர வாகனம் வேண்டும். அதற்குச் செலவிட மனமில்லாத குழுவுக்குச் சிறந்த வழி: கிராஞ்சியிலிருந்து பழைய புக்கிட் தீமா நிலையம் வரை போய், அங்கே இளைப்பாறி, அதே வழியில் திரும்புவது. நிலையம் ஏறத்தாழப் பாதையின் நடுப்பகுதியில் இருப்பதால் மொத்தத் தூரம் அதிகம் மாறாது. தெற்குப் பாதியை இழப்பதில் பெரிய வருத்தம் இல்லை. பாதையின் அழகெல்லாம் ஹில்வியூவுக்கும் புக்கிட் தீமா நிலையத்துக்கும் இடையில்தான் குவிந்து கிடக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது? அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஒன்று, புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஒன்று என இரண்டு இரும்புப் பாலங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் இணைத்த பழைய ரயில் பாலங்கள். நிலையம் செங்கல் கட்டடம், அளவில் சிறியது, 1932-ல் எழுந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள் இங்கேதான் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. தடம் காலி என்பதற்கு அடையாளமான சாவி வில்லை ஓட்டுநர் கையில் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் ரயில் நுழைய முடியாது. வளையத்தில் கட்டிய அந்த வில்லையை ஓடும் ரயிலிலிருந்து கைமாற்றும் பழக்கம் கடைசிவரை இங்கே இருந்தது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் ஒரு துண்டை இங்கே விட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சரியாக ஒரு மீட்டர். பிள்ளைகளிடம் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னால் மறக்க மாட்டார்கள். கழிப்பறையும் காப்பிக் கடையும் பக்கத்திலேயே உண்டு. ஹில்வியூ அருகே சாலையோரம் பழைய ஃபோர்டு தொழிற்சாலை, 1942 பிப்ரவரி 15-ல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம். இளையவர்கள் நிறைய வரும் குழு என்றால் அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். சனி, ஞாயிறுகளில் படம் எடுப்பவர்கள், கைக்குழந்தை வண்டிகள், ஓடுபவர்கள் என்று நிரம்பியிருக்கும். நாற்பது சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு அதற்குள் புகுந்தால் நன்கொடைக்கு ஓடுகிறோம் என்ற பெயர் அங்கேயே கெட்டுவிடும். சிங்கப்பூரில் நடப்பவரும் சைக்கிளும் பகிரும் பாதைகளில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடைபாதையில் 10. சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். பிரேக் இல்லாத ஃபிக்ஸி சைக்கிளை அனுமதிக்க மாட்டார்கள். சாலையில் இறங்கி ஓட்டும் இடம் வந்தால் தலைக்கவசம் கட்டாயம். 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒரு குழுவின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக் கூடாது. இரண்டு இரண்டாகப் போனால் பத்துப் பேர், வரிசையாகப் போனால் ஐந்து பேர். குழுவுக்கும் குழுவுக்கும் இடையே இரு விளக்குக் கம்பங்களுக்கு நடுவிலான தூரம் விட வேண்டும். நம் ஊரில் காரில்லாக் காலைகளில் ஒட்டுமொத்தமாகத் திரண்டு ஓட்டிப் பழகியவர்களுக்கு இதைக் கோலாலம்பூரிலேயே சொல்லித்தர வேண்டும்.

எனவே, நாற்பது பேர் என்றால் பத்துப் பேர் கொண்ட நான்கு அணிகள். ஐந்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள். ஒவ்வொரு அணிக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். முன்னால் இருப்பவர் வேகக்காரராக இருக்கக் கூடாது. பேசிக்கொண்டே மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். கடைசியில் இருப்பவர்தான் பழுது பார்க்கத் தெரிந்தவர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பலம் உள்ளவர்களை எல்லாம் முதல் அணியில் போட்டால், அவர்கள் முதலில் போய்ச் சேர்ந்து வெயிலில் காத்திருக்க, நான்காம் அணி அக்கா ஒருவர் பஞ்சரோடு தனியாக நிற்பார். கலந்து போடுங்கள். 12 கிலோமீட்டர் வேகத்தில் 21 கிலோமீட்டருக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம்; ஓய்வும் படமும் பஞ்சரும் சேர்த்தால் மூன்று மணி நேரம். பழைய ரயில்வே கேட் இருந்த சுவா சூ காங் சாலை போன்ற இடங்களில் எல்லாரும் கூடும்வரை நிற்காதீர்கள், பாதையை அடைத்துக்கொள்வீர்கள். அணி அணியாகக் கடக்கட்டும்.

கடைசி ஆளின் பையில் இருக்க வேண்டியவை: அணியில் உள்ள ஒவ்வொரு சக்கர அளவுக்கும் இரண்டு டியூப், டயர் நெம்பி மூன்று, இரண்டு வகை வால்வுக்கும் பொருந்தும் பம்ப், ஒட்டுப்போடும் பெட்டி, 4, 5, 6 ஆலன் கீ, செயின் கட்டர், அணியில் உள்ள கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற செயின் இணைப்பு, நாலைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள். 9 வேகச் செயினில் 11 வேக இணைப்பு ஏறாது, பதிவு செய்யும்போதே கேட்டுவையுங்கள். முதலுதவிக்கு அரை லிட்டர் சலைன், காஸ், ஒட்டுத்துணி, கையுறை. சரளையில் விழுந்தால் முழங்கையிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்து மண் புகும். மருந்து போடுவதற்கு முன் கழுவுவதுதான் முக்கியம். அவசர ஊர்தி எண் 995, போலீஸ் 999.

தண்ணீருக்கு வழியில் எங்கும் கையேந்த முடியும் என்று நினைக்காதீர்கள். இந்த வெப்பத்தில் ஒருவருக்கு மணிக்கு முக்கால் லிட்டர். நாற்பது பேர், மூன்று மணி நேரம், 90 லிட்டர். ஆளுக்கு இரண்டு பாட்டில் கையில் இருந்தால் மீதியை நிலையத்தில் நிற்கும் வாகனத்தில் வைக்கலாம். வாழைப்பழமும் கடலை உருண்டையும் போதும்; கனமாக நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஓட்டத் தொடங்கினால் வயிறு புரளும். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். புக்கிட் தீமா காட்டுக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று தெரியும்.

எல்லை தாண்டுவதில்தான் திட்டமிடுபவர்களின் பாதி உழைப்பு போய்விடுகிறது. எல்லாரும் சிங்கப்பூர் வருகை அட்டையை, அங்கே போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான், கட்டணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். கோலாலம்பூரில் கூப்பிட்ட லோரி எல்லாம் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாது, அதற்கான அனுமதி உள்ள வாகனத்தைத்தான் அமர்த்த வேண்டும். சைக்கிள்களின் பட்டியலை, சட்டத்தில் பொறித்த எண்ணோடு, ஒரு தாளில் வைத்திருங்கள்.

சைக்கிள்களை லோரியில் அடுக்கும் முறையால் கெடும் ஓட்டங்கள், பஞ்சரால் கெடுவதைவிட அதிகம். வலப்பக்கத்தில் பின் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு இருக்கிறது, கடையில் ஹேங்கர் என்பார்கள். இன்னொரு சைக்கிள் அதன்மேல் சாய்ந்தால் வளைந்துவிடும். 330 கிலோமீட்டர் குலுக்கலுக்குப் பிறகு கிராஞ்சியில் இறக்கும்போது கியர் தாவுகிறது, சங்கிலி ஆரக்கம்பியில் சிக்குகிறது என்று பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒன்றின் முன்பக்கம் அடுத்ததன் பின்பக்கத்தோடு வருமாறு மாற்றி மாற்றி நிறுத்துங்கள். நடுவே அட்டை அல்லது பழைய போர்வை. செயினைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் போட்டால் கியர் கை உள்பக்கம் ஒதுங்கும். பெடல்களைக் கழற்றிப் பையில் போடுங்கள், 15 ஸ்பேனர் வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் பலம் கொடுத்தவர்கள் மரையைச் சிதைத்திருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஓட்டமே அதற்காகத்தானே. சிங்கப்பூரில் பொதுமக்களிடம் உண்டியல் நீட்டாதீர்கள். அங்கே பொதுவில் வசூலிக்கவும், வெளிநாட்டு அறத்துக்குப் பணம் திரட்டவும் தனித்தனி அனுமதி உண்டு. பாதையோரம் கூடாரம், பதாகை, ஒலிபெருக்கி வைக்கவும் நிலத்தைக் கவனிப்பவர்களிடம் முன்னதாகக் கேட்க வேண்டும். வசூல் எல்லாம் மலேசியாவிலேயே, கிளம்புவதற்கு முன்பே முடியட்டும். இங்கேயும் தெருவிலும் வீடு வீடாகவும் வசூலிக்க 1947-ம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி தேவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு கொடுக்கும் ரசீதுக்குத்தான் வரிவிலக்கு கிடைக்கும். சைக்கிள் குழு தன் பெயரில் கொடுக்கும் ரசீதுக்குக் கிடையாது. ஆகவே நன்கொடையாளர் நேராக அந்த அமைப்பின் கணக்கில் போடுவது எல்லாருக்கும் நல்லது. பதிவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. இரண்டும் ஒரே கணக்கில் கலந்தால், எவ்வளவு நல்ல மனதோடு நடத்தினாலும் கேள்வி வரும். சட்டை, பதக்கம் பற்றி ஒரு வார்த்தை: சட்டைக்கு 35 ரிங்கிட், பதக்கத்துக்கு 15 என்றால் நாற்பது பேருக்கு 2,000 ரிங்கிட் ஆகிறது. தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு அது எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பாருங்கள். சட்டை வேண்டுமென்றால் விருப்பப்பட்டவர் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். பதக்கம் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் சிங்கப்பூரில் செல்லுபடியாகும் பயண, விபத்துக் காப்புறுதியை எல்லாருக்கும் எடுத்துவிடுங்கள். அங்கே ஒரு கை முறிவுக்கு ஆகும் மருத்துவச் செலவு, திரட்டிய நிதியையே விழுங்கிவிடும்.

பழகிக்கொள்ள ஊரிலேயே இடம் உண்டு. மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா பக்கம் வரும் சைக்கிள் பாதை, அணியாக ஓட்டிக் கைச்சைகை பழக உதவும். சரளையில் சமநிலை பழக புக்கிட் கியாராவின் மண்பாதை ஓரங்கள் போதும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு தடவை, ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, அதே சைக்கிள், அதே டயர், அதே காற்றழுத்தத்தோடு 15 கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு வராதவரை எல்லைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் சேற்றோடு லோரியில் ஏற்றினால், கோலாலம்பூர் வந்து சேர்வதற்குள் செயின் சிவந்துவிடும். வாளியில் தண்ணீர் எடுத்துச் செயினையும் பிரேக் கட்டைகளையும் கழுவி, துணியால் துடைத்து, செயினில் சில துளி எண்ணெய் விடுங்கள். அழுத்தமான பீய்ச்சுக் குழாயைச் சக்கர அச்சில் காட்டாதீர்கள்; தண்ணீர் பேரிங்குக்குள் போய், அடுத்த மாதம் கரகரக்கும். ஏற்றும் முன் சைக்கிளை எண்ணுங்கள், பிறகு ஆட்களை எண்ணுங்கள், பெடல் பைகளையும் மறக்காமல் எண்ணுங்கள்.